பெண்ணுக்கு முன்னால் ஒரு சொல்

சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையைப் பதினேழு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். கணவன் கள்வன் அல்லன் என்று பாண்டியன் அவையில் நிறுவிவிட்டு வெளியே வரும் கண்ணகி, தன் இடமுலையைத் திருகி மதுரைமேல் எறிகிறாள். தீக்கடவுள் ஓர் அந்தணன் உருவில் அவள்முன் தோன்றி, இந்த நகரை எரிக்கும்போது யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். கண்ணகி ஆறு வகையினரைச் சொல்கிறாள். பார்ப்பனர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரக்கூடிய பகுதி. மாணவிகள் வரிசையாக மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அம்மா, பசுன்னா எல்லாப் பசுவும். குழந்தைன்னா எல்லாக் குழந்தையும். பொம்பளைன்னு வரும்போது மட்டும் ஏம்மா பத்தினிப் பொம்பளை?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி, நாளைக்குப் பேசலாம்" என்றேன். மறுநாள் பேசவில்லை. பாடப்பகுதி முடிக்க வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னிடம் பதில் இல்லை. அவளுக்குத் தர வேண்டிய பதிலை இவ்வளவு தாமதமாக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பட்டியலில் பார்ப்பனர் முதலில் நிற்பதைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். பேச வேண்டியதும்தான். நான்காவதாக நிற்கும் பெண்டிரையும் ஒருமுறை நின்று பார்க்கலாம். முதியோருக்கும் குழந்தைக்கும் வயதே போதுமான தகுதி. பசுவுக்குப் பசுவாக இருப்பது போதும். பார்ப்பனருக்குப் பிறப்பு போதும். அறவோர் தம் ஒழுக்கத்தால் அந்தப் பெயரைப் பெறுகிறவர்கள். ஆனால் அது அவரவர் தேர்ந்துகொண்ட வாழ்வு. பெண்ணுக்கு மட்டும், அவள் பெண் என்பதோ உயிர் என்பதோ போதவில்லை. ஓர் ஆணோடு அவளுக்குள்ள உறவு எப்படிப்பட்டது என்று தீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதை ஒருமுறை என் துறை நண்பரிடம் சொன்னபோது அவர் இலக்கணத்தைக் கொண்டுவந்தார். "செஞ்ஞாயிறு என்கிறோம். அதனால் கருஞாயிறு ஒன்று உண்டு என்று ஆகிவிடுமா? அது இனச்சுட்டு இல்லாத அடை. பத்தினிப் பெண்டிர் என்பதும் அப்படித்தான். பெண்டிர் எல்லாருமே பத்தினிகள் என்ற சிறப்பில் சொன்னது" என்றார்.

அழகான வாதம். அப்படி இருந்துவிட்டால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் செந்தாமரை என்னும்போது வெண்தாமரை என்ற இனம் இருப்பதால் 'செம்மை' அங்கே பிரித்துக் காட்டுகிறது. பத்தினிப் பெண்டிர் செஞ்ஞாயிறா, செந்தாமரையா? காப்பியத்திடமே கேட்க வேண்டும். கோவலன் மதுரைக்குள் நுழைந்ததும் ஊர்காண் காதையில் கணிகையர் வீதியைப் பார்த்துக்கொண்டு போகிறான். அந்த வீதி கற்பனையில்கூட மறைக்கப்படவில்லை. காப்பியத்தின் பாதிக் கதையே ஒரு நாடகக் கணிகையின் வீட்டில் நடக்கிறது. ஆக, இனம் இருக்கிறது. அடை பிரித்துத்தான் காட்டுகிறது.

சரி, அந்த வீதி என்ன ஆயிற்று? அடுத்த காதையான அழற்படு காதையில் இளங்கோவடிகள் எரியும் நகரத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். இரண்டு வகைப் பெண்கள் அங்கே பேசுகிறார்கள். விருந்தோம்பி இல்லறம் நடத்தும் மனைவியர், கணவனை இழந்தவளின் இந்தச் சீற்றம் கொடியது அன்று என்று சொல்லித் தீக்கடவுளைத் தொழுகிறார்கள். அறுபத்து நான்கு கலைகளும் பயின்ற மகளிரின் வீதியிலோ, நாடக மகளிர் தங்கள் ஆடரங்கை இழந்து நிற்கிறார்கள். கணவனை இழந்து, சிலம்பால் அரசனை வென்று, ஊரை எரித்த இந்த ஒருத்தி எந்த நாட்டாளோ, யார் பெற்ற மகளோ என்று கேட்கிறார்கள். அவர்கள் இறந்தார்கள் என்று அடிகள் சொல்லவில்லை. அரங்கை இழந்தார்கள் என்று மட்டும் சொல்கிறார்.

எத்தனையோ முறை நடத்திய இடம்தான். அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு வேறுமாதிரி வாசிக்க நேர்ந்தது. பட்டியலுக்குள் இருந்தவர்கள் தீயை வணங்குகிறார்கள். பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள், 'யார் மகள் இவள்?' என்று கேட்கிறார்கள். அதை வியப்பு என்று உரை சொல்லலாம். எனக்கு அதில் வேறொன்றும் கேட்கிறது. கோவலனைக் கொன்றதில் அந்த ஆடல் மகளிருக்கு என்ன பங்கு? பொய் சொன்னவன் பொற்கொல்லன். விசாரிக்காமல் ஆணையிட்டவன் அரசன். வெட்டியவன் காவலன். இவர்களில் யாரும் அந்த வீதியில் ஆடியவர்கள் இல்லை.

நான் கண்ணகியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தனியொருத்தியாக அரசவைக்குள் நுழைந்து நீதி கேட்டவள் அவள். அந்தக் காட்சியை நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் என் குரல் தழுதழுக்கிறது. ஆனால் அவள் பேச்சை அந்த உலகம் செவிமடுத்ததற்குக் காரணம் சிலம்புக்குள் இருந்த மாணிக்கப் பரல் மட்டும் அல்ல. அவளிடம் அந்த அடையும் இருந்தது. நகரத்தை எரிக்கும் வல்லமையே அதிலிருந்துதான் வருகிறது என்று காப்பியம் நம்புகிறது. அதே வழக்கோடு அதே அவைக்கு மாதவி போயிருந்தால் என்று எண்ணிப் பாருங்கள். அவளும் கோவலனோடு வாழ்ந்தவள். அவன் குழந்தையைப் பெற்றவள். அவன் இறந்தான் என்று கேட்டுத் துறவு பூண்டவள். வாயிற்காவலன் அவளை உள்ளே விட்டிருப்பானா?

மாதவியின் நிரபராதத்துக்குக் காப்பியத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பெற்றோரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனீர்களே, நான் செய்த பிழை என்ன என்று கேட்டு அவள் எழுதிய ஓலை வழியில் கோவலனை வந்தடைகிறது. படித்துவிட்டு, அவள்மேல் தீதில்லை, தீது தன்னுடையதே என்று அவன் உணர்கிறான். உணர்ந்தவன் என்ன செய்கிறான்? ஓலையின் சொற்கள் தன் பெற்றோருக்குச் சொல்லவும் பொருந்துகின்றன என்று அதே ஓலையை அவர்களுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறான். மாதவிக்கென்று ஒரு வரி பதில் இல்லை. அவள் குற்றமற்றவள் என்ற தீர்ப்பு ஓர் ஆணின் மனத்துக்குள் எழுதப்பட்டு, அவனோடு கொலைக்களத்தில் முடிந்துபோனது.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்கிறவர்கள், நம் அன்றாடப் பேச்சைச் சற்றுக் கவனிக்க வேண்டும். செய்தித்தாள் 'குடும்பப் பெண்ணிடம் அத்துமீறல்' என்று எழுதுகிறது. மணமகள் தேவை விளம்பரம் 'குடும்பப்பாங்கான' பெண்ணைக் கேட்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்குத் துன்பம் நேர்ந்தால், 'பாவம், நல்ல பொண்ணு' என்று இரங்குகிறோம். இரக்கம் வருவதற்கு முன்பே அந்த 'நல்ல' வந்துவிடுகிறது. 'நல்ல' இல்லாத பெண்ணுக்கு அதே துன்பம் நேரும்போது நாம் சொல்வது வேறு: 'அவ அந்த நேரத்துல ஏன் அங்க போனா?'

சட்டமும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவள் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்கக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வழி கொடுத்தது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் சிதைக்கப்பட்டாள். 1978இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, அவள் கூச்சலிடவில்லை என்பவை காரணங்களாயின. அவளுக்கு ஏற்கெனவே உடலுறவுப் பழக்கம் உண்டு என்பது வழக்கு நெடுகிலும் பேசப்பட்டது. 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் நான்கு சட்டப் பேராசிரியர்கள் நீதிமன்றத்துக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போதும் அந்த உட்பிரிவு போகவில்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை நீக்கியது. நூற்றிமுப்பது ஆண்டுகள். இரு விரல் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. நின்றபாடில்லை என்பதால் 2022இல் மறுபடியும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

பத்தினி என்ற அடை எல்லாப் பெண்களுக்கும் ஒரேபோலக் கிடைப்பதும் இல்லை என்பதை அந்த ஆதிவாசிச் சிறுமியின் வழக்கு காட்டுகிறது. வயல்வேலைக்குப் போகிறவள், இரவுப்பணி முடித்து வருகிறவள், தலித் பெண், கணவனைப் பிரிந்து வாழ்கிறவள், மேடையில் ஆடுகிறவள் ஆகியோரிடம் அந்த அடையை ஊர் எளிதில் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் சந்தேகத்தோடுதான் கொடுக்கும்.

இதுவரை எழுதியதை நான் ஒரு கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டல் வாங்கிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாததற்குக் காரணம் வேறு. அதை எழுதாமல் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

முன்பு நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் பாலியல் புகார்களை விசாரிக்கும் குழுவில் இருந்தேன். ஓர் ஊழியர்மீது ஒரு மாணவி புகார் கொடுத்தாள். அவள் தொலைபேசியில் அவர் அனுப்பிய பதினொரு செய்திகள் இருந்தன. குழுவில் ஒருவர் முதலில் கேட்டது, "பொண்ணு எப்படி?" அந்தக் கேள்வி தவறு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது என்பதுதான் காரணம். வகுப்பில் முதல் மாணவி. நெற்றியில் திருநீறு. அதிர்ந்து பேசமாட்டாள். விடுதி விட்டால் வகுப்பு, வகுப்பு விட்டால் விடுதி. அறிக்கையை எழுதும் வேலை எனக்கு வந்தது. மாணவி ஒழுக்கமானவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், அமைதியான இயல்புடையவர், ஆகவே பொய்ப்புகார் கூற வாய்ப்பில்லை என்று எழுதினேன். அந்த ஊழியர் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு பெண்ணுக்கு நீதி வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்ற பெருமை.

எட்டு மாதம் கழித்து இன்னொரு மாணவி என் அறைக்கு வந்தாள். வேறொருவரைப் பற்றிச் சொன்னாள். அழவில்லை. நடந்ததைத் தேதி நேரத்தோடு சொன்னாள். "புகாரா எழுதிக் கொடுத்துடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "வேண்டாம்மா. அந்த அக்காவுக்கு நீங்க எழுதினத எனக்கு எழுத முடியாது."

அறிக்கை இரகசியமானது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் விடுதி முழுக்கத் தெரிந்திருந்தது. இவள் இரண்டு முறை தாமதமாக விடுதிக்குத் திரும்பி எச்சரிக்கை வாங்கியவள். ஒரு பையனோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நான் எவ்வளவோ சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள். படிப்பை முடித்துக்கொண்டு போனாள். அந்த மனிதர் அங்கேயே இருந்தார்.

பிறகு அந்தப் பழைய அறிக்கையை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். பதினொரு செய்திகளுக்கு நான் ஒதுக்கியது இரண்டு வரி. அவள் ஒழுக்கத்துக்கு ஒதுக்கியது ஐந்து வரி. குற்றத்தை நிறுவச் செய்திகளே போதுமாக இருந்தன. நான் குணத்தை நிறுவிக்கொண்டிருந்தேன். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் புகார் கொடுப்பவளின் நடத்தைச் சான்றிதழைக் கேட்கவில்லை. கேட்காததை நானாகவே இணைத்துக் கொடுத்தேன். தீ கேட்பதற்கு முன்பே பட்டியலைச் சொல்லிவிட்டேன்.

ஒரு தோழியிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் சட்டென்று கேட்டாள்: "நீ அந்த அஞ்சு வரிய எழுதாம இருந்திருந்தா, அந்தக் குழு முதல் பெண்ணுக்காவது நடவடிக்கை எடுத்திருக்குமா? தண்ணில முங்கறவளுக்கு எந்தக் கயிறு கிடைச்சாலும் போடத்தானே வேணும்?" இதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. எடுத்திருக்காமலும் போயிருக்கலாம். அந்த அடை வேலை செய்கிறது. சிக்கலே அதுதான். வேலை செய்யாத பொய்யாக இருந்தால் எப்போதோ கைவிட்டிருப்போம். ஒவ்வொரு தாயும் மகளிடம் 'அடக்கமா இரு' என்று சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாளை ஏதாவது நடந்தால், ஊர் உன் பக்கம் நிற்க வேண்டுமே என்ற பயம் அது. அந்தத் தாய்மாரை நான் எள்ளி நகையாடமாட்டேன்.

ஆனால் அந்தக் கயிற்றைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, அது ஒருத்தியைத் தூக்கும்போது இன்னொருத்தியைத் தள்ளிவிடுகிறது. 'இவள் நல்லவள், ஆகவே நம்புங்கள்' என்று நான் எழுதிய அதே வரி, 'அவள் அப்படியில்லை, ஆகவே நம்ப வேண்டாம்' என்றும் படிக்கக் கிடைக்கிறது. எழுதியவள் நான். படித்தவள் அந்த இரண்டாம் பெண்.

இரண்டாவது, உள்ளே இருப்பவளுக்கும் அது உறுதியான இடம் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கதை வருகிறது. அவள் கணவன் சாதுவன் அவளை விட்டு ஒரு கணிகையோடு வாழ்ந்து, சூதில் எல்லாவற்றையும் தொலைத்து, கடல் கடந்து போகிறான். அவன் இறந்துவிட்டான் என்று கேட்டு ஆதிரை தீயில் இறங்குகிறாள். தீ சுடவில்லை. அப்போது அவளுக்கு வருவது மகிழ்ச்சி அல்ல. தீயும் சுடாத பாவியானேனே என்ற கலக்கம். கணவன் உயிரோடிருப்பதால்தான் தீ சுடவில்லை என்று வானொலி ஒன்று சொன்ன பிறகே அமைதியடைகிறாள். தன்மேல் எந்தக் குற்றமும் இல்லாத ஒருத்தி நெருப்புக்குள் நின்றுகொண்டு தன்னையே சந்தேகப்படுகிறாள். ஒழுக்கம் தவறிய சாதுவனைச் சோதிக்க எந்தத் தீயும் மூட்டப்படவில்லை. அந்த அடையை ஒருமுறை பெற்றால் போதாது. ஒவ்வொரு முறையும் நெருப்பிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அதே மணிமேகலையில்தான் எனக்கு வேறொரு பட்டியலும் கிடைத்தது. சாலி என்னும் பார்ப்பனப் பெண் மனையற ஒழுக்கம் தவறியதாகச் சொல்லப்படுகிறாள். அந்தப் பழி தீரக் குமரிக்கு நீராடப் போகும் வழியில் ஒரு குழந்தையைப் பெற்று, ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்து அந்தக் குழந்தையைக் காக்கிறது. அவன்தான் ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்ததற்காகவும் பிறப்பைச் சொல்லியும் ஊர் அவனைத் துரத்துகிறது. அவன் வந்துசேரும் ஊர் மதுரை. சிந்தாதேவி கோயிலில் தங்கி, வீடு வீடாகப் பிச்சை எடுத்துவந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், காப்பாற்ற ஆளில்லாதவர், நோயுற்றவர் எல்லாரையும் அழைத்து ஊட்டுகிறான். மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான்.

கண்ணகியின் பட்டியல் சொல்லப்பட்ட அதே மதுரை. இந்தப் பட்டியலில் யாரிடமும் நடத்தைச் சான்று கேட்கப்படவில்லை. பசித்திருக்கிறாயா என்பது மட்டுமே கேள்வி. இதைச் செய்தவன், முதல் பட்டியலில் இடமே கிடைத்திருக்காத ஒரு தாயின் மகன். பிறகு அமுதசுரபி மாதவியின் மகள் கைக்கு வருகிறது. கணிகையின் மகள் என்று ஊர் அழைத்த பெண் ஊருக்கே சோறிடுகிறாள். காப்பியம் அங்கும் முழுதாக விடுபட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரத்தின் முதல் பிச்சை ஒரு பத்தினியின் கையிலிருந்தே வர வேண்டும் என்று ஆதிரையின் வாசலுக்குத்தான் மணிமேகலையை அனுப்புகிறது. அடை மறுபடியும் வந்து நிற்கிறது. ஆனால் அது கொடுப்பவளிடம் நிற்கிறது, பெறுகிறவர்களிடம் வரவில்லை. பசித்தவளிடம் யாரும் 'நீ எப்படிப்பட்டவள்' என்று கேட்கவில்லை.

நீதியும் சோறு போன்றதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தகுதி பார்த்துப் போட்டால் அது பரிசு. தேவை பார்த்துப் போட்டால்தான் அறம். துன்புறுத்தப்பட்டவள் நல்லவளா என்பது யாருக்கும் பொருட்டாக வேண்டியதில்லை. அவள் கெட்டவளாகவே இருக்கட்டும். பொய் பேசுகிறவளாக, சண்டைக்காரியாக, பல காதல்கள் கொண்டவளாக இருக்கட்டும். அவளுக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான்.

பிறகு வேறு கல்லூரிக்கு மாறினேன். அங்கும் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே யாரோ ஒருவர், "மாணவி எப்படிப்பட்டவங்க?" என்று தொடங்கினார். "அது நமக்கு வேண்டாம் சார். என்ன நடந்ததுன்னு பார்ப்போம்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. என்ன தேதி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள், தொலைபேசியில் என்ன இருக்கிறது என்று மட்டுமே அந்த அறிக்கையை எழுதினேன். அந்த முறை, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தண்டனைதான் கிடைத்தது. அந்த ஐந்து வரிகளைச் சேர்த்திருந்தால் கூடியிருக்குமோ என்ற எண்ணம் இன்றும் வருகிறது. வரட்டும். ஆனால் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு எந்தப் பெண்ணும் தனக்கு இது பொருந்தாது என்று திரும்பிப் போக வேண்டியதில்லை.

இந்த ஆண்டும் வஞ்சின மாலை வந்தது. பட்டியலைக் கரும்பலகையில் எழுதினேன். ஆறாவது வகையை எழுதிய பிறகு சாக்குக்கட்டியைக் கீழே வைக்காமல், "இதில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒருத்தி, "மாதவி" என்றாள். இன்னொருத்தி, "அந்த நாடக மகளிர்" என்றாள். மூன்றாவதாக ஒரு குரல், தயங்கித் தயங்கி, "நாங்களும் இருக்கலாம்மா" என்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெயர்களையெல்லாம் பட்டியலுக்குக் கீழே எழுதிவிட்டு, மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.